நோட்டீஸ் பாதியில் நிற்கலாம், ஷிஃப்ட் நிற்கக் கூடாது

ஆஸ்பத்திரி வேலையை விட நினைக்கும் நர்ஸோ டாக்டரோ நீங்கள் என்றால், அறுபது நாள் நோட்டீஸ் என்பது உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் இருக்கிற பாக்கி. ஏழாம் பெட்டில் ஓடிக்கொண்டிருக்கும், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து, உங்களுக்கும் நோயாளிக்கும் நடுவில் இருக்கிற பாக்கி. முதலாவதைப் பணமாகக் கட்டலாம், லீவில் கழிக்கலாம், பேசிக் குறைக்கலாம், எதுவும் நடக்காவிட்டால் அப்படியே விட்டுவிட்டு விளைவைச் சந்திக்கலாம். இரண்டாவது, இன்னொருவர் கையில் ஒப்படைத்தால்தான் தீரும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் நரகமாகிப்போன வார்டில் மாதக்கணக்கில் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு சிலர் ஒரு ராத்திரி பொறுக்கமாட்டாமல் ஷிஃப்டின் நடுவில் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியிறங்கிவிடுகிறார்கள். முதல் வகைக்குப் போவது உடம்பு. இரண்டாம் வகைக்கு லைசென்ஸே போகலாம்.

“நோட்டீஸ் முடிக்காமல் போனால் உன் ரெஜிஸ்ட்ரேஷன் போய்விடும்” என்ற மிரட்டல் பெரும்பாலும் வாய்வார்த்தையாகத்தான் வரும். எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தரமாட்டார்கள். நோட்டீஸ் நாட்களை முடிக்காதது வேலை ஒப்பந்தத்தை மீறுவது. அதற்கு நிர்வாகம் கேட்கக்கூடியது பணம், பிறகு தன் கோப்பில் எழுதிக்கொள்ளும் ஒரு குறிப்பு. ஏற்றுக்கொண்ட நோயாளியை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டுப் போவதுதான் கைவிடுதல். நர்ஸ், டாக்டர்களின் ரெஜிஸ்ட்ரேஷனைக் கையில் வைத்திருக்கும் கவுன்சில் விசாரிக்கிற விஷயம் அது. அமெரிக்காவின் பல மாநில நர்சிங் போர்டுகள் இதை எழுத்திலேயே பிரித்து வைத்திருக்கின்றன. நோயாளியின் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும், மாற்று ஏற்பாட்டுக்கு நியாயமான அவகாசம் தராமல் அதை முறித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கைவிடுதல். அடுத்த வாரத்து டியூட்டிக்கு வரமாட்டேன் என்று ராஜினாமா கொடுப்பது அதில் அடங்காது.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அரசுப் பணியில் ராஜினாமா கொடுத்தால் போதாது, அது ஏற்கப்பட்டாக வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருக்கிறது. பேரிடர், தொற்றுக் காலங்களில் அத்தியாவசியப் பணி உத்தரவு அமலில் இருந்தால் சாதாரணக் கணக்கு எதுவும் செல்லாது. வீட்டில் தனியாக ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்சுக்குப் பக்கத்து பெட் நர்ஸ் என்று யாரும் இல்லை. ஏஜென்சிக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லி, அடுத்த ஆள் வாசலுக்கு வந்த பிறகுதான் அங்கிருந்து கிளம்ப முடியும். தன் பெயரில் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் டாக்டருக்கோ பொறுப்பு ஷிஃப்டோடு முடிவதே இல்லை. அவர் கதையைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

முதலில் கணக்கு

ஆஃபர் லெட்டரையும் ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு நோட்டீஸ் என்ற சொல் வரும் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் கோடு போடுங்கள். நாட்கள் காலண்டர் நாளா வேலை நாளா? நாள் குறைந்தால் கட்டவேண்டியது மொத்தச் சம்பளத்தின் அடிப்படையிலா, அடிப்படைச் சம்பளத்தின் அடிப்படையிலா? மீதமுள்ள லீவை நோட்டீஸில் கழிக்கலாமா? புரொபேஷன் முடிந்து கன்ஃபர்மேஷன் கடிதம் கைக்கு வந்ததா? புரொபேஷனில் நோட்டீஸ் நாட்கள் பெரும்பாலும் குறைவு. கன்ஃபர்மேஷன் கடிதமே தராமல் இழுத்தடித்த நிர்வாகம், போகும்போது மட்டும் நிரந்தர ஊழியருக்கான நோட்டீஸைக் கேட்டால் அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோட்டீஸ் 60 காலண்டர் நாள். கையில் 18 நாள் லீவு இருக்கிறது, அதைக் கழிக்க விதி அனுமதிக்கிறது. இன்னும் 15 நாள் உங்களால் தாங்க முடியும். 60-லிருந்து 15-ம் 18-ம் போக மீதி 27 நாள். மொத்தச் சம்பளத்தை 30-ஆல் வகுத்துக் கணக்கிட்டால் அது 0.9 மாதச் சம்பளம். அடிப்படைச் சம்பளம்தான் அளவுகோல் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்த அடிப்படை மொத்தத்தில் பாதி என்றால், 0.45 மாதச் சம்பளம். இதிலிருந்து அவர்கள் உங்களுக்குத் தரவேண்டிய அந்த 15 நாள் சம்பளத்தையும் ஓவர்டைம் பாக்கியையும் கழித்தால் சில சமயம் கையிலிருந்து ஒன்றும் போகாது. “ரெண்டு மாசச் சம்பளம் கட்டணுமாம்” என்று கேன்டீனில் கேட்டுப் பயந்தது இந்தத் தொகைக்குத்தான். எச்ஆரிடம் இந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன தொகை கடைசி நாளில் மாறும்.

நாளாகப் பேசாமல் டியூட்டியாகப் பேசுவது இன்னும் பலனளிக்கும். வாரத்துக்கு மூன்று பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்கு 27 நாள் என்பது பதினொன்றோ பன்னிரண்டோ டியூட்டிதான். வார்டு இன்சார்ஜுக்கு உங்கள் நோட்டீஸ் நாட்களைப் பற்றிக் கவலையில்லை; ரோஸ்டரில், அதாவது டியூட்டி அட்டவணையில், விழும் ஓட்டைதான் அவருடைய தலைவலி. “27 நாள் தள்ளுபடி செய்யுங்கள்” என்று போய் நின்றால் உடனே முடியாது என்பார். “ஒட்டிய ரோஸ்டரில் என் பெயரில் நாலு டியூட்டி இருக்கிறது, அதை முடித்துத் தருகிறேன், அடுத்த ரோஸ்டரில் என்னைச் சேர்க்க வேண்டாம்” என்றால் அவரே எச்ஆருக்குப் பரிந்து எழுதும் வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த ரோஸ்டர் போடுவதற்கு முந்தைய நாட்கள்தான் கடிதம் கொடுக்கச் சரியான நேரம். ஒட்டிய மறுநாள் கொடுத்தால் உங்கள் நான்கு இரவு டியூட்டியும் உங்கள் தோழியின் தலையில் விழும், ஆத்திரமும் அவரிடமிருந்தே வரும்.

இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன் என்று பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அதில் இருக்கும் தொகையைப் பார்த்து உறைந்துபோக வேண்டாம். எந்தப் பயிற்சிக்கு, எவ்வளவு செலவு, எவ்வளவு காலம் ஏற்கெனவே வேலை செய்து கழிந்தது என்ற விவரத்தை எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில், ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்யவைக்கும் உத்தரவை நீதிமன்றங்கள் பொதுவாகத் தருவதில்லை. நிர்வாகம் கேட்கக்கூடியது நஷ்டஈடு. பணம் கேட்பது வேறு, ஆளைப் பிடித்து வைப்பது வேறு. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையோ பாஸ்போர்ட்டையோ பூட்டி வைப்பது இந்த இரண்டாம் வகை. அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் 11 அடையாளங்களில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. ராஜினாமா பேச்சை எடுக்கும் முன்பே, மேற்படிப்பு, ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிப்பு என்று உண்மையான ஏதாவது தேவை வரும்போது ஒரிஜினல்களைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. அப்படி வாங்க முடியாவிட்டால், தேதி போட்டு மெயிலில் கேட்டு வையுங்கள். ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: வேலை முடிந்த நாளிலிருந்து எத்தனை நாள் தங்கலாம், ஸ்பான்சர் மாற என்ன வழி, ஓடிப்போனதாகப் புகார் பதிவானால் என்ன நேரும். இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

எப்போது உடனே கிளம்பலாம்

பெரும்பாலான கெட்ட வேலைகள் மெல்லக் கொல்லும் வகை. முப்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ், கேள்வி கேட்டால் நைட் டியூட்டி, தவறு நடந்தால் கீழே இருப்பவர் தலை. அதற்குக் கணக்குப் போட்டுக் கிளம்ப நேரமிருக்கிறது. ஆனால் அடி, பாலியல் தொல்லை, உயிருக்கு ஆபத்தான கருவி என்று வந்தால் கணக்கே வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கை, 13-வது பிரிவில், உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு தரச் சொல்கிறது. 2019-இன் 190-ஆம் உடன்படிக்கை வன்முறை, துன்புறுத்தல் விஷயத்திலும் இதே உரிமையைச் சொல்லி, நிர்வாகத்துக்குத் தெரிவிக்கும் கடமையையும் சேர்த்தே வைக்கிறது. உங்கள் நாடு இதை ஏற்றுச் சட்டமாக்கியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆனால் அந்த இரண்டாம் பாதி எங்கும் பொருந்தும்: பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்த உடனே சூப்பர்வைசருக்கு போன், “நான் இந்த நேரத்தில் இந்தக் காரணத்தால் வார்டை விட்டு வெளியேறியிருக்கிறேன், என்னிடம் இந்த நான்கு நோயாளிகள் இருந்தார்கள், உடனே ஆள் அனுப்புங்கள்” என்று. போன் முடிந்ததும் அதையே எழுத்தில் மெசேஜாக.

உடல்நலக் காரணம் காட்டிச் சீக்கிரம் விடுபட நினைப்பவர்கள் ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தில் வற்றிப்போகும் சோர்வு, இருக்கிறது, ஆனால் வேலை சார்ந்த ஒரு நிலையாக மட்டும். நோய் என்று வகைப்படுத்தவில்லை. ஆகவே வெறும் பர்ன்அவுட் என்று எழுதிய சர்டிஃபிகேட்டை எச்ஆர் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு, முதுகுவலி என்று இருப்பதை உள்ளபடியே சொல்லுங்கள். அவர் தரும் சான்றில் வேண்டியது இரண்டு: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை பணிக்குத் தகுதியற்றவர் என்ற வரி, தெளிவான கையெழுத்து. நோயின் விவரம் எல்லாம் எச்ஆருக்குத் தேவையில்லை. தெரிந்த டாக்டரிடம் பொய்ச் சான்று வாங்கும் யோசனை இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். நோட்டீஸ் மீறல் பணத்தோடு போகும். பொய்ச் சான்று இருவரின் பதிவையும் கவுன்சில் வரை இழுக்கும்.

ஆதாரம் சேர்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். ரோஸ்டர், ஓவர்டைம் பதிவு, சம்பளச் சீட்டு, உங்களுக்கு வந்த மெயில், நீங்கள் கொடுத்த புகாரின் நகல், ஆள் பற்றாக்குறையை இன்சார்ஜுக்குச் சொன்ன மெசேஜ் எல்லாம் சேர்க்கலாம். நோயாளியின் கேஸ் ஷீட்டை மட்டும் போட்டோ எடுக்காதீர்கள். எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்தப் படம் ரகசிய மீறல் வழக்காகத் திரும்பும், பிறகு பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். தேதி, நேரம், வார்டு, எத்தனை நோயாளி, எத்தனை பணியாளர், யாரிடம் சொன்னேன், என்ன பதில் என்று நோயாளி பெயர் இல்லாமல் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வருவது போதும்.

கடிதம்

வாட்ஸ்அப்பில் ராத்திரி இரண்டு மணிக்கு “இனி வரமாட்டேன்” என்று போடுவது ராஜினாமாவும் ஆகாது, ஆகாமலும் இருக்காது. மெயிலில் அனுப்புங்கள், எச்ஆருக்கும் துறைத் தலைவருக்கும் ஒன்றாக. காகிதத்திலும் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். மெயிலின் ஒரு பிரதி உங்கள் சொந்த முகவரிக்கும் போகட்டும், ஏனென்றால் ஆஸ்பத்திரி மெயில் அன்று மாலையே மூடப்படலாம். இவ்வளவு எழுதினால் போதும்:

“ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ் பணியிலிருந்து நான் விலகுகிறேன். என் கடைசிப் பணிநாள் இம்மாதம் 18, காலை ஷிஃப்ட் முடிவு. ஒப்பந்தப்படி நோட்டீஸ் 60 நாள். அதில் 15 நாள் பணிபுரிகிறேன், 18 நாள் மீதமுள்ள லீவில் ஈடுசெய்யக் கோருகிறேன், மீதி 27 நாளுக்கான தொகையை இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். என் பொறுப்பில் உள்ள பொருட்களையும் பணிகளையும் கடைசி நாளுக்குள் ஒப்படைப்பேன். பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்று, இறுதிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எழுத்தில் தரக் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் குற்றச்சாட்டு ஒரு வரிகூட இல்லை. அது தனிக் கடிதமாக, தனிக் குழுவுக்கு, தனித் தேதியில் போக வேண்டும். ஒரே காகிதத்தில் இரண்டையும் கலந்தால் புகாரைக் “கோபத்தில் எழுதியது” என்று தள்ளிவிடுவது எளிது. ஒரே ஒரு விலக்கு: வேலையை விட உங்களை நிர்ப்பந்தித்தார்கள் என்று பின்னால் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், ராஜினாமாவிலேயே காரணத்தைச் சொல்லாதது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். அந்த எண்ணம் இருப்பவர்கள் கடிதத்துக்கு முன்பே தொழிலாளர் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். சம்பவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் வேலையில் தொடர்ந்துவிட்டால் அந்த வழக்கு பலமிழக்கும்.

கடிதம் கொடுக்கும் நேரம் முக்கியம். ஷிஃப்ட் தொடக்கத்தில் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரமும் உங்களைச் சுற்றியே விவாதம் நடக்கும், நோயாளி மீது கவனம் நிற்காது. நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரை முடித்து யூனிஃபார்ம் மாற்றிய பிறகு அனுப்புங்கள். ஒரு நாள்கூட நோட்டீஸ் தர முடியாத நிலை என்றால், அடுத்த டியூட்டிக்கு முன் குறைந்தது 72 மணி நேரமாவது இருக்கும் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். இந்த 72 எந்தச் சட்டத்திலும் இல்லை, எங்கள் அனுபவக் கணக்கு. மாற்று ஆள் பிடிக்க அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது என்று பின்னால் யாரும் மறுக்க முடியாது.

கடைசி ஷிஃப்ட்

முடிந்தால் பகல் ஷிஃப்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியிலும் தொடர் விடுமுறை நாட்களிலும் உங்களை விடுவிக்க வரவேண்டிய ரிலீவர் வராமல் போகும் வாய்ப்பு அதிகம். ஷிஃப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே “என்னிடமிருந்து எடுத்துக்கொள்வது யார்?” என்று இன்சார்ஜிடம் மெசேஜில் கேளுங்கள். நேரில் கேட்பதை விட்டு மெசேஜில் கேட்பது வேண்டுமென்றேதான். ஆள் வரவில்லை என்றால் டியூட்டி சூப்பர்வைசருக்கு போன், அழைத்த நேரம் குறிப்பில், அப்புறம் இன்சார்ஜோ சூப்பர்வைசரோ யாராவது ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும்வரை அங்கேயே இருக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காத்திருப்புதான் மொத்த விஷயத்திலேயே விலை அதிகமான பகுதி.

ஹேண்ட்ஓவரை எழுதியும் சொல்லியும் கொடுங்கள். 2014-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஐ-பாஸ் ஆய்வு, ஒன்பது ஆஸ்பத்திரிகளில் ரெசிடென்ட் டாக்டர்களின் ஹேண்ட்ஓவரை ஒழுங்குபடுத்தியபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததைக் காட்டியது. அந்த முறையின் கடைசிப் படிதான் கடைசி ஷிஃப்டில் நமக்கு வேண்டியது: வாங்கிக்கொள்பவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஏழாம் பெட்டுக்கே திரும்புவோம். பகல் ஷிஃப்ட் கிடைக்காமல் இரவு ஷிஃப்டே கடைசியாக அமைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். “58 வயது, சிறுநீர்த் தொற்றிலிருந்து செப்சிஸ், மூன்றாம் நாள். நார்அட்ரினலின் 50 மில்லியில் 4 மில்லிகிராம், மணிக்கு 5 மில்லி ஓடுகிறது, சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேல் நிற்க வேண்டும், இப்போது 68. சிரிஞ்சில் 12 மில்லி மீதி.” இங்கே நிறுத்துங்கள். 12 மில்லி என்றால் 2 மணி 24 நிமிடம். காலை 7.30-க்கு ஹேண்ட்ஓவர் என்றால் 9.54-க்கு சிரிஞ்ச் காலி, அதாவது டாக்டர்கள் ரவுண்ட்ஸில் இருக்கும் நேரம், புது ஆள் வேறொரு பெட்டில் இருக்கும் நேரம். அடுத்த சிரிஞ்ச் மாற்றக் குறித்த நேரம் 9.30 என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். “காலை 4 மணிக்குப் பொட்டாசியம் 3.1. டிரிப்பில் 20 மில்லிமோல் 6 மணிக்குத் தொடங்கியது, 8 மணிக்கு முடியும், 9 மணிக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். பிளட் கல்ச்சர் ரிசல்ட் வரவில்லை, 11 மணிக்கு லேபைக் கூப்பிடணும். மகன் 10 மணிக்கு டாக்டரைப் பார்க்க வருகிறார்.” வாங்கிக்கொள்பவர் திருப்பிச் சொல்லும்போது 9.30-ஐ விட்டுவிட்டால் இப்போதே தெரிந்துவிடும். நாளை கேட்டுத் திருத்த நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். சாதாரண நாளின் ஹேண்ட்ஓவருக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

சார்ட்டில் விடுபட்டதை எல்லாம் அன்றே முடியுங்கள். தாமதமாக எழுதுவதாக இருந்தால் தாமதப் பதிவு என்று தலைப்பிட்டு, எழுதும் நேரம், நடந்த நேரம் இரண்டையும் போடுங்கள். போகிற அவசரத்தில் காலை ஆறு மணி வைட்டல்ஸைப் பதினொரு மணிக்கு ஆறு மணி என்றே எழுதிவைத்தால், எலக்ட்ரானிக் ரெக்கார்டு உண்மையான நேரத்தைப் பின்னால் குறித்துக்கொண்டேதான் இருக்கும்.

மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளைப் பூட்டி வைக்கும் நார்கோட்டிக் அலமாரி. திடீரென்று வேலையை விட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான். 10 மில்லிகிராம் மார்ஃபின் ஆம்பியூல், ஆர்டர் 4 மில்லிகிராம், மீதி 6 மில்லிகிராம் வீணாக்கப்பட்டது. வீணாக்கியதற்குச் சாட்சிக் கையெழுத்து அப்போதே வாங்காமல் “அப்புறம் போட்டுக்கலாம்” என்று விட்ட வரிகள் எந்த வார்டு ரெஜிஸ்டரிலும் ஒன்றிரண்டு இருக்கும். கடைசி ஷிஃப்டுக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் பெயரில் இருக்கும் வரிகளைப் பின்னோக்கிப் பாருங்கள். சாட்சி விடுபட்டிருந்தால் பார்மசிஸ்டிடமும் இன்சார்ஜிடமும் சொல்லி, அந்த ஆஸ்பத்திரியின் முறைப்படி குறிப்பு எழுதித் தீர்த்துவிடுங்கள். காலி இடத்தில் நீங்களே யார் பெயரையும் நிரப்பக் கூடாது. கடைசி நாளில் ரிலீவரோடு சேர்ந்து எண்ணுங்கள். ரெஜிஸ்டரில் 10 என்று இருக்கிறது, அலமாரியில் 9. அப்போது கையெழுத்துப் போடாதீர்கள். மறுபடி எண்ணுங்கள், அந்த ஷிஃப்டின் மருந்துச் சார்ட்டுகளோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். கொடுத்துவிட்டு ரெஜிஸ்டரில் ஏற்றாத டோஸ் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் சூப்பர்வைசர், பார்மசி, இன்சிடென்ட் ஃபார்ம். பஸ் போனாலும் பரவாயில்லை. நீங்கள் போன பிறகு ஒரு ஆம்பியூல் காணவில்லை என்றால், முதல் சந்தேகம் திடீரென்று காணாமல் போன ஆள் மேல்தான் விழும், அப்போது உங்கள் பக்கம் பேச யாரும் அங்கே இருக்கமாட்டார்கள்.

சாவி, ஐடி கார்டு, லாக்கர், லேப்டாப், ஏப்ரன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் லாகினையும், மருந்து எடுக்கும் மெஷினின் யூசர் ஐடியையும் இன்று இந்த நேரத்திலிருந்து மூடும்படி ஐடி துறைக்கு ஒரு மெயில். ஆள் பற்றாக்குறை வார்டுகளில் போனவர்களின் பாஸ்வேர்டில் மற்றவர்கள் சார்ட் எழுதுவது புதிதல்ல.

டாக்டர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம் என்றது இதுதான். உங்கள் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கும் ரிசல்ட்டுகளின் பட்டியல் ஒன்று வேண்டும்: அனுப்பிய பயாப்சி, வராத ஸ்கேன் ரிப்போர்ட், பாதியில் இருக்கும் கீமோ சைக்கிள், ஆபரேஷனுக்குப் பிறகு தையல் பிரிக்க வேண்டியவர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இனி பார்க்கப்போகும் டாக்டரின் பெயர். அந்தப் பட்டியலைத் துறைத் தலைவர் வாங்கிக்கொண்டதற்கு எழுத்துச் சான்று. புற்றுநோய் என்று வந்த ஒரு ரிப்போர்ட் யாரும் திறக்காத இன்பாக்ஸில் மூன்று மாதம் கிடந்தால், ராஜினாமா தேதி உங்களைக் காப்பாற்றாது.

கையோடு எடுத்துக்கொள்ள வேண்டியவை

அனுபவச் சான்றைக் கேட்க எல்லோருக்கும் நினைவிருக்கும். ஸ்டாஃப் ஹெல்த் ஃபைலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசித் தேதிகளும் ஆன்டிபாடி ரிசல்ட்டும் (10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு) அடுத்த வேலையில் கட்டாயம் கேட்பார்கள். தொலைந்தால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம். கதிரியக்கப் பிரிவிலும் இதய ரத்தக்குழாய்ச் சோதனை நடக்கும் கேத் லேபிலும் இருந்தவர்கள் தங்கள் கதிர்வீச்சு டோஸ் பதிவை வாங்க வேண்டும். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழுவின் வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்தத் தனி ஆண்டிலும் 50-க்கு மேல் போகக் கூடாது. சராசரி போட முந்தைய ஆண்டுகளின் எண் இருந்தால்தானே முடியும்? டோஸை அளக்கும் பேட்ஜைத் திருப்பிக் கொடுக்காமல் பையோடு எடுத்துப் போய்விட்டால் கடைசிச் சில வாரங்களின் எண் எங்கும் பதியாது.

ஊசி குத்திய சம்பவம் ஏதாவது நடுவில் இருந்தால், அதன் ரிப்போர்ட் நகல் அவசியம். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய ஒன்று. பத்தாம் நாளில் வேலையை விட்டால் மீதி 18 நாள் மாத்திரையும், அதற்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனைகளும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். வேலையில் இருந்தபோது குத்தியது. நோட்டீஸ் முடிக்கவில்லை என்பதற்காக அந்தப் பொறுப்பு மாறாது.

சிகிச்சைத் தவறு என்று வழக்கு வந்தால் கைகொடுக்கும் இன்டெம்னிட்டி காப்பீட்டில் ஒரு வரி பாருங்கள். சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும் என்ற வகை ஒன்று. வழக்கு வரும் நாளில் பாலிசி இருக்க வேண்டும் என்ற வகை இன்னொன்று. 2024-இல் செய்த ஆபரேஷனுக்கு 2027-இல் வழக்கு வருகிறது, பாலிசி 2025-இல் வேலையோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் பாதுகாப்பு உண்டு. இரண்டாம் வகையில், விலகிய பிறகும் தொடரும் நீட்டிப்புக் காப்பு வாங்கியிருந்தால்தான் உண்டு. அதற்கு யார் பணம் கட்டுவது என்பதைக் கடிதம் கொடுக்கும் முன் பேசினால் பேரம் பேசலாம், பிறகு முடியாது.

அடுத்த இன்டர்வியூவில் கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: “நோட்டீஸ் முழுதும் செய்யவில்லை, மீதிக்குப் பணம் கட்டினேன், நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு வந்தேன், கடிதம் இருக்கிறது.” பழைய இடத்தைத் திட்டத் தொடங்கினால் எதிரே இருப்பவர் நாளை தன்னையும் இப்படித்தான் பேசுவார் என்று மட்டும் குறித்துக்கொள்வார். பணிவிடுப்புக் கடிதம் தராமல் இழுத்தால், சீல் வைத்த ராஜினாமா நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, உங்களை அறிந்த இரண்டு சீனியர்களின் சம்மதத்தோடு அவர்கள் பெயர் ஆகியவற்றை வைத்துச் சமாளிக்க முடிகிறது. சற்று நேரமாகும், அவ்வளவுதான்.

போன முதல் வாரம் வார்டிலிருந்து போன் வரும். “அந்த மூணாம் பெட் ஃபைல் எங்க வெச்ச?”, “ஒரே ஒரு நைட் மட்டும் வந்துட்டுப் போயேன்.” முதல் கேள்விக்கு பதில் சொல்லுங்கள், முடிந்தவரை மெயிலில். இரண்டாவதற்குப் போகாதீர்கள், விலகிய பிறகு பார்க்கும் டியூட்டிக்குச் சம்பளம், காப்பீடு, பொறுப்பு எதுவும் தெளிவாக இருக்காது. பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறதா என்று வீட்டிலிருந்து தட்டிப் பார்ப்பதும் வேண்டாம், அந்த லாகின் நேரமும் சர்வரில் பதிவாகும்.